மூன்று கார்பன் குறைந்த பெட்டி

கரிம மூலக்கூறுகளைக் கையால் கட்டிப் பார்ப்பதற்கான உருண்டை–குச்சி மாதிரிப் பெட்டி ஒன்றைச் சென்ற ஆனி மாதம் புதுச்சேரியில் வாங்கினேன். நேரு வீதியிலிருந்து பெரிய மார்க்கெட்டுக்குப் போகும் வழியில், பள்ளி ஆய்வகங்களுக்குச் சோதனைக் குழாயும் பியூரெட்டும் விற்கிற சிறிய கடை அது. கடையின் பெயரையும் பெட்டியின் பெயரையும் சொல்லப் போவதில்லை. பின்னால் சில குறைகளைச் சொல்ல வேண்டியிருக்கிறது. விலை 1,150 ரூபாய். வாங்கிய வாரமே எழுதியிருந்தால் புகழ்ந்து மட்டும்தான் எழுதியிருப்பேன். நான்கு மாதம் பயன்படுத்திவிட்டு எழுதுவதால் இதை நம்பலாம்.

நான் 32 ஆண்டுகள் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன். வீடு கடலூர் திருப்பாதிரிப்புலியூரில். சென்ற தை மாதம் நெஞ்சுவலி வந்து, இதயத் தமனி ஒன்றில் ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். வீடு திரும்பும்போது கையில் இருந்த மாத்திரைச் சீட்டைப் பார்த்தபோது, அதில் இருந்த ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கட்டமைப்பு வாய்பாடு உண்டு என்பதும், ஒன்றைக்கூட என்னால் நினைவிலிருந்து வரைய முடியவில்லை என்பதும் உறுத்தின. மருத்துவரோ, “கொழுப்பு மட்டும் காரணமில்லை சார், குழாய்ச் சுவரில் அழற்சியும் இருக்கிறது” என்று சொல்லி வைத்திருந்தார். அழற்சி என்றால் சிவப்பு, சூடு, வீக்கம், வலி என்று படித்த தலைமுறை நான். வெளியே தெரியாத தமனிச் சுவருக்குள் அது என்ன செய்கிறது என்று யோசித்ததில்லை. இதற்கிடையில் என் மைத்துனர் மகள் பி.பார்ம். இரண்டாம் ஆண்டு சேர்ந்து, மருந்துகளின் கட்டமைப்பை உருப்போட்டுக்கொண்டு ஞாயிறுதோறும் நெல்லிக்குப்பத்திலிருந்து வரத் தொடங்கினாள். ஆக, பெட்டி இருவருக்குமாக வாங்கியது.

பெட்டிக்குள் இருப்பவை: நான்கு துளை கொண்ட கறுப்பு உருண்டை 24, வெள்ளை 40, சிவப்பு 8, நீலம் 4, பச்சை 4, மஞ்சள் 2, ஒற்றைப் பிணைப்புக்கான விறைப்பான சாம்பல் குச்சிகள் வேண்டிய அளவு, இரட்டைப் பிணைப்புக்கான வளையும் நீளக் குச்சிகள் 12, செருகியதைப் பிடுங்க ஒரு சிறிய கவட்டை. கார்பனுக்குக் கறுப்பு, ஹைட்ரஜனுக்கு வெள்ளை, ஆக்சிஜனுக்குச் சிவப்பு, நைட்ரஜனுக்கு நீலம், குளோரினுக்குப் பச்சை என்கிற இந்த நிறங்களை 1865-இல் லண்டனில் ஒரு சொற்பொழிவுக்காக, புல்தரையில் அடித்து விளையாடும் மரப் பந்துகளுக்கு வண்ணம் பூசிக் காட்டிய ஹோஃப்மன் என்ற வேதியியலாளரிடமிருந்து பெற்றோம். அவருடைய மாதிரிகள் தட்டையாக இருந்தன. கார்பனின் நான்கு கைகளும் நான்முகியின் முனைகளை நோக்கி நீள்கின்றன என்று வான்ட் ஹாஃபும் லெ பெல்லும் 1874-இல்தான் சொன்னார்கள். அந்த 109.5 பாகைக் கோணத்தை இந்தப் பெட்டி சரியாகப் பிடித்திருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்த்தேன். மீத்தேனைக் கட்டி, பழைய பாகைமானியை வைத்து அளந்தபோது 109-க்கும் 110-க்கும் இடையில் நின்றது. இந்த விலைக்கு இது பெரிய விஷயம். பள்ளியில் நாங்கள் வைத்திருந்த மரப் பெட்டியில் துளைகள் அவரவர் மனம்போல் போட்டவையாக இருக்கும்.

ஒற்றைப் பிணைப்பு வழவழவென்று சுழல்கிறது. இரண்டு நீளக் குச்சிகளை வளைத்துச் செருகிய இரட்டைப் பிணைப்பு சுழல மறுக்கிறது. உண்மையான மூலக்கூறிலும் அப்படித்தான். கரும்பலகையில் 32 ஆண்டுகள் சொல்லியும் மாணவர் மனத்தில் ஏறாத ஒன்று, குச்சியைத் திருகிப் பார்த்த ஒரே நிமிடத்தில் அந்தப் பெண்ணுக்குப் புரிந்தது.

முதலில் கட்டியது ஆஸ்பிரின். ஒன்பது கார்பன், எட்டு ஹைட்ரஜன், நான்கு ஆக்சிஜன். ஐந்து இரட்டைப் பிணைப்புகளுக்குப் பத்து நீளக் குச்சிகள். பெட்டிக்கு இது அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்துகிறது. பென்சீன் வளையத்தின் அடுத்தடுத்த இரண்டு மூலைகளில், ஒன்றில் அமிலத் தொகுதியும் மற்றொன்றில் ஆக்சிஜன் வழியாக அசிட்டைல் தொகுதியும் தொங்குகின்றன. அந்த அசிட்டைல் துண்டுதான் மருந்தின் ஆயுதம். இரத்தத் தட்டணுக்களில் உள்ள சைக்ளோஆக்சிஜனேஸ் என்ற நொதியின் குழிக்குள் ஆஸ்பிரின் நுழைந்து, அங்கிருக்கும் செரின் என்ற அமினோ அமிலத்தின் ஆக்சிஜனில் இந்தத் துண்டை ஒட்டவைத்துவிட்டு வெளியேறுகிறது. பிறகு அந்த நொதி அடைபட்டதுதான். கவட்டையால் ஆக்சிஜனுக்கும் அசிட்டைலுக்கும் இடையிலான குச்சியைப் பிடுங்கி, அந்த இரண்டு கார்பன் துண்டைத் தனியே வைத்திருந்த செரின் மாதிரியில் நாங்கள் செருகிக் காட்டிக்கொண்டோம். தட்டணுவுக்கு உட்கரு கிடையாது. அடைபட்ட நொதிக்குப் பதிலாகப் புதிதாக ஒன்றைச் செய்துகொள்ள அதற்கு வழியில்லை. அது வாழும் ஏழு முதல் பத்து நாள் வரை அப்படியே ஊமையாகச் சுற்றும். நாளுக்கு ஒரு 75 மி.கி. மாத்திரை போதுமானதாக இருப்பதன் காரணம் இதுவே. வலியையும் அழற்சியையும் தூண்டும் புராஸ்டாகிளாண்டின் என்ற பொருள்களின் உற்பத்தியை ஆஸ்பிரின் தடுக்கிறது என்று ஜான் வேன் 1971-இல் காட்டி, 1982-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். ஆனால் இந்தச் சிறிய அளவு இரத்தம் உறைவதைத்தான் தடுக்கிறது, அழற்சியை அடக்குவதற்கு இது பல மடங்கு போதாது என்பதை நான் இதுவரை குழப்பிக்கொண்டிருந்தேன். சீட்டில் அது இருப்பதால் என் குழாய்ச் சுவரின் அழற்சிக்கும் அதுவே மருந்து என்று நினைத்திருந்தேன்.

அதே துண்டை வேறு விதமாகவும் பிடுங்கலாம். நீர் மூலக்கூறு ஒன்றைக் கட்டி, அதை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை அசிட்டைலிலும் மறு பாதியை வளையத்தின் ஆக்சிஜனிலும் செருகினால், மேசைமேல் சாலிசிலிக் அமிலமும் அசிட்டிக் அமிலமும் கிடக்கும். ஈரம் பட்ட பழைய ஆஸ்பிரின் புட்டியைத் திறந்தால் வினிகர் வாசம் வருவது இதனால்தான். கடலோர ஊரில் இருக்கிறவர்கள் மாத்திரை அட்டையைக் கிழித்துப் புட்டியில் கொட்டி வைக்கும் பழக்கத்தை விட்டுவிடலாம்.

அடுத்து கொலஸ்டிரால். இங்கேதான் பெட்டியின் முதல் குறை வெளிப்பட்டது. கொலஸ்டிராலில் 27 கார்பன், பெட்டியில் 24. நான்கு வளையங்களையும் முடித்து, வால் பகுதியைக் கட்டிக்கொண்டு போனபோது, “மாமா, கார்பன் மூணு குறையுது” என்றாள். குறைந்தவை வாலின் நுனியில் கிளை பிரியும் அந்த மூன்று மட்டுமே. பிள்ளையார் சதுர்த்திக்கு வாங்கி மிஞ்சிய களிமண்ணை உருட்டி, அடுப்புக் கரி தடவி, காய்வதற்கு முன் ஈர்க்குச்சியால் துளை போட்டு ஒப்பேற்றினோம். ஹைட்ரஜனும் 46 வேண்டும், இருப்பது 40. வாலில் சிலவற்றை விட்டுவிட்டோம், பெரிய நட்டமில்லை. ஆனால் கரிம வேதியியல் படிப்போர்க்கென்று விற்கிற பெட்டியில், உலகமே பேசுகிற ஒரு மூலக்கூறைக் கட்டுவதற்கு மூன்று கறுப்பு உருண்டை குறையும்படி கணக்குப் போட்டவர் யாரோ!

இருந்தாலும் கட்டி முடித்துக் கையில் எடுத்தபோது அந்தக் கோபம் போய்விட்டது. ஆறு பக்க வளையம் மூன்றும் ஐந்து பக்க வளையம் ஒன்றும் விளிம்போடு விளிம்பு ஒட்டி நீண்ட பலகையாகக் கிடக்கின்றன. ஒரு முனையில் தனியொரு ஹைட்ராக்சில், மறுமுனையில் வால். பலகையின் மேல்பக்கம் இரண்டு மெத்தில் தொகுதிகள் குமிழ்போல் நிமிர்ந்து நிற்க, அடிப்பக்கம் வழுவழுப்பாக இருக்கிறது. முதல் இரண்டு வளையங்கள் சேருமிடத்தில் உள்ள இரட்டைப் பிணைப்பை எடுத்துவிட்டு, மெத்தில் இருக்கும் அதே பக்கம் ஒரு ஹைட்ரஜனைச் செருகினால் பலகை முழங்கைபோல மடங்கிவிடுகிறது. பித்த அமிலங்களின் சட்டகம் அந்த மடங்கிய வடிவத்தில்தான் இருக்கிறது. கொலஸ்டிராலில் சீர்மையற்ற கார்பன்கள், அதாவது நான்கு கைகளிலும் வெவ்வேறு தொகுதிகளைத் தாங்கியவை, எட்டு. ஆகவே 256 புறவெளி அமைப்புகளுக்கு இடமுண்டு. உடல் செய்வது அவற்றில் ஒன்றே ஒன்று. பித்த அமிலங்களுக்காக வீலாண்டும் கொலஸ்டிரால் சேர்ந்த ஸ்டீரால் குடும்பத்துக்காக வின்டௌஸும் முறையே 1927, 1928-ஆம் ஆண்டுகளுக்கான நோபல் பரிசைப் பெற்றபோது அவர்கள் முன்வைத்திருந்த வளைய அமைப்பு தவறானது. பெர்னால் ஊடுகதிரால் படிகத்தை ஆராய்ந்து, மூலக்கூறு நீண்டு தட்டையாகத்தான் இருக்க முடியும் என்று காட்டிய பிறகே, 1932-இல் அது திருத்தப்பட்டது. பலகையைக் கையில் வைத்துக்கொண்டு படிக்கும்போது இந்தச் செய்தி வேறு மாதிரி உறைக்கிறது.

தட்டையாக இருப்பதுதான் பலமும் வில்லங்கமும். செல் சவ்வில் கொழுப்பு மூலக்கூறுகளுக்கு நடுவே பலகை செருகிக்கொண்டு சவ்வுக்கு உறுதி தருகிறது. அதே பலகைகள் தமனிச் சுவருக்குள் அளவுக்கு மீறிச் சேர்ந்தால், அட்டி போட்டதுபோல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுப் படிகமாகின்றன. இரத்தத்தில் கொலஸ்டிராலைச் சுமந்து செல்லும் எல்.டி.எல். துகள்கள் குழாயின் உள்படலத்தைக் கடந்து சுவருக்குள் மாட்டி, அங்கே ஆக்சிஜனேற்றம் அடைகின்றன. உள்படலச் செல்கள் இதைக் காயமாக எண்ணி, ஓடும் வெள்ளையணுக்களைப் பிடித்து நிறுத்தும் ஒட்டுப் புரதங்களை வெளியே நீட்டுகின்றன. உள்ளே வந்த அணுக்கள் பெருவிழுங்கிகளாகி, அந்தக் கொழுப்பை விழுங்கி, நுரை நிரம்பியவைபோல் உப்பி, அங்கேயே சாகின்றன. மிஞ்சுவது கூழ். அதிரோமா என்ற மருத்துவச் சொல்லின் கிரேக்க வேருக்கும் கூழ் என்பதுதான் பொருள். பெருவிழுங்கி விழுங்கிய கொலஸ்டிரால் படிகம் அதன் உள்ளறையைக் கிழித்து, அழற்சியைத் தூண்டும் ஒரு புரதக் கூட்டமைப்பை எழுப்புகிறது என்று 2010-இல் காட்டினார்கள். அதிலிருந்து இன்டர்லூகின்–1 பீட்டா என்ற அழற்சித் தூதுப் புரதம், அதன் பின்னே இன்டர்லூகின்–6 என்ற இன்னொன்று, அது கல்லீரலுக்குப் போய்ச் சொல்ல, கல்லீரல் சி.ஆர்.பி. என்ற புரதத்தை இரத்தத்தில் விடுகிறது. படிவை மூடியிருக்கும் நார் மூடியை அழற்சிச் செல்களின் நொதிகள் அரித்து மெலிய வைக்கின்றன. அந்த மூடி கிழிந்து, அதன்மேல் இரத்தம் உறைந்தால் மாரடைப்பு. எனக்கு நடந்ததும் இதுதான் என்று மருத்துவர் சொன்னார்.

இந்த சி.ஆர்.பி.யை நுட்பமாக அளக்கும் சோதனையில் லிட்டருக்கு 1 மி.கி.க்குக் கீழ் என்றால் அபாயம் குறைவு, 3-க்கு மேல் என்றால் அதிகம் என்று கொள்கிறார்கள். எனக்கு முதல் தடவை 14 வந்து வீடே கலங்கியது. பல்லில் சீழ் வைத்திருந்ததை நான் சொல்லாமல் விட்டதே காரணம். 10-ஐத் தாண்டினால் வேறு தொற்று இருக்கிறதா என்று பார்த்து, அது ஆறிய பிறகு மறுபடி எடுக்க வேண்டும். மூன்று வாரம் கழித்து எடுத்தபோது 1.8.

சீட்டிலுள்ள, கொலஸ்டிராலைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாட்டினை முழுதாகக் கட்ட 33 கார்பன் வேண்டும். ஒரு பெட்டியில் நடக்காது. அதன் ஒரு கையை மட்டும், அதாவது ஏழு கார்பனும் இரண்டு ஹைட்ராக்சிலும் ஓர் அமில முனையும் உள்ள சங்கிலியை மட்டும் கட்டி, பக்கத்தில் மெவலோனிக் அமிலத்தை வைத்தோம். கல்லீரல் கொலஸ்டிரால் செய்யும் வழியில் வருகிற இடைப்பொருள் அது, ஆறே கார்பன். இரண்டையும் ஒரே திசையில் படுக்க வைத்தால், கூடப் பிறந்தவை போலிருக்கின்றன. கொலஸ்டிரால் உற்பத்தியைக் கட்டுப்படுத்தும் நொதி இந்த முகச்சாயலில் ஏமாந்து, மருந்தை உட்கார வைத்துக்கொண்டு வேலையை நிறுத்துகிறது. ஸ்டாட்டின் என்ற இந்த வகையின் முதல் மருந்தை ஜப்பானிய அறிவியலாளர் அகிரா எண்டோ 1970-களில் ஒரு பூஞ்சையிலிருந்து பிரித்தெடுத்தார். அந்தப் பூஞ்சை வந்தது கியோட்டோ நகரத்து தானியக் கடை ஒன்றின் அரிசியிலிருந்து. பெட்டியை வைத்துக் கழித்த ஞாயிறுகளில் எனக்கு மிகப் பிடித்தது இந்த ஞாயிறு. இந்தப் பெட்டிக்குக் கொடுத்த பணத்தில் பாதி இதற்கே சரியாகிவிட்டது.

ஸ்டாட்டின் அழற்சியையும் தணிக்கிறது. எல்.டி.எல். மிகுதியில்லாமல் சி.ஆர்.பி. மட்டும் 2-க்கு மேல் இருந்த 17,802 பேரிடம் ரோசுவாஸ்டாட்டினைச் சோதித்த ஜுப்பிட்டர் ஆய்வு 2008-இல் வெளிவந்தபோது, இதய நிகழ்வுகள் 44 விழுக்காடு குறைந்திருந்தன. ஆனால் அந்த மருந்து எல்.டி.எல்.லையும் பாதியாகக் குறைத்ததால், பலன் எதனால் என்று பிரிக்க முடியவில்லை. அதைப் பிரித்துக் காட்டியது 2017-இல் வந்த கேன்டோஸ்: மாரடைப்பு கண்ட 10,061 பேரில், இன்டர்லூகின்–1 பீட்டாவை மட்டும் பிடித்துக் கட்டும் கனகினுமாப் ஊசி, எல்.டி.எல்.லைத் தொடாமலே நிகழ்வுகளை 15 விழுக்காடு குறைத்தது. கூடவே உயிர்பறிக்கும் தொற்றுகளைச் சற்றுக் கூட்டியது. “அதையும் கட்டலாமா மாமா?” என்று கேட்டாள். அது எதிர்ப்புரதம் (ஆன்டிபாடி), ஆயிரக்கணக்கான கார்பன். புதுச்சேரிக் கடைகளில் உள்ள பெட்டிகளையெல்லாம் வாங்கினாலும் காணாது. சிறு மூலக்கூறுகளுக்கு மேல் இந்தப் பெட்டிக்கு வேலையில்லை என்பதை வாங்குவோர் தெரிந்துகொள்ள வேண்டும்.

சிறு மூலக்கூறுகளிலேயே பெட்டியைத் திணற வைத்தது கோல்சிசின். நம் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் இருப்பது. கண்வலிக்கிழங்கு என்று திண்டுக்கல், கரூர், திருப்பூர்ப் பக்கம் விதைக்காகப் பயிரிடுகிறார்கள். கார்பன் 22 என்பதால் உருண்டைக்குப் பஞ்சமில்லை. எட்டு இரட்டைப் பிணைப்புகளுக்கு 16 நீளக் குச்சி வேண்டும், இருப்பது 12. மீதி நான்குக்கு வயர் துண்டுகளை வெட்டிச் செருகினோம். மூன்று மெத்தாக்சி தாங்கிய பென்சீன் வளையம் ஒன்று, ஏழு பக்க வளையங்கள் இரண்டு. ஏழு பக்க வளையத்தை இந்தப் பெட்டியில் மூடுவதற்குள் கட்டைவிரல் சிவந்துவிட்டது. கடைசிக் குச்சியைச் செருகும்போதெல்லாம் எதிர்ப்பக்கம் தெறித்தது. கொலஸ்டிராலில் தடுமாறிய அதே வின்டௌஸ் 1920-களில் கோல்சிசினுக்கும் ஆறு பக்க வளையங்களாகவே போட்டுத் தவறினார். ஒரு வளையம் டிரோபோலோன் என்ற ஏழு பக்க வகை என்று டியூவர் என்ற வேதியியலாளர் ஊகித்தது 1945-இல். விரல் வலியோடு படித்ததால் வின்டௌஸ்மேல் எனக்கு இரக்கம்தான் வந்தது.

கோல்சிசின் செல்லின் உள்ளே உள்ள நுண்குழல்கள் கோக்கப்படுவதைத் தடுக்கிறது. அதனால் வெள்ளையணுக்கள் நகர்ந்து வந்து கூடுவது குறைகிறது. மாரடைப்புக்குப் பின் 4,745 பேரிடம் நாளுக்கு 0.5 மி.கி. கொடுத்த 2019-ஆம் ஆண்டு ஆய்வில் நிகழ்வுகள் 23 விழுக்காடும், நாள்பட்ட இதயத் தமனி நோயாளிகள் 5,522 பேரிடம் நடந்த 2020-ஆம் ஆண்டு ஆய்வில் 31 விழுக்காடும் குறைந்தன. 2023-இல் அமெரிக்காவில் இதயத்துக்கென்றே அனுமதி கிடைத்தது. ஆனால் 2024-இல் 7,062 பேரிடம் நடந்த பெரிய ஆய்வில் மாரடைப்புக்குப் பின் கொடுத்ததில் பலன் தெரியவில்லை. எனக்கு வேண்டுமா என்று கேட்டதற்கு, “உங்கள் கிரியேட்டினினுக்கு இப்போது வேண்டாம்” என்று, சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் அந்த அளவைச் சொல்லி மருத்துவர் முடித்துவிட்டார். எங்கள் தெருவில் ஒருவர் கிழங்கையே இழைத்துத் தின்னலாமே என்றார். மருந்தளவுக்கும் நஞ்சளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. அந்தக் கிழங்கைத் தின்று செத்தவர்கள் உண்டு.

இனி மற்றக் குறைகள். வெள்ளை உருண்டைகளின் துளை இறுக்கம். நான்கு மாதத்தில் மூன்று விரிந்துவிட்டன. பென்சீனில் ஒன்றுவிட்டு ஒன்று நீளக் குச்சி போட வேண்டியிருப்பதால், ஆறு பிணைப்பும் சம நீளம் என்கிற உண்மை மறைந்துவிடுகிறது; இரட்டைப் பிணைப்புகள் ஓரிடத்தில் நில்லாமல் வளையம் முழுதும் பரவியிருக்கும் உடனிசைவைப் பற்றித் தெரியாத பிள்ளை இதைப் பார்த்துத் தவறாகவே பதிய வைத்துக்கொள்ளும். கையேடோ இதைப் பற்றி ஒரு வரி சொல்லவில்லை. கையேட்டின் ஒன்பதாம் பக்கத்தில் ஒரு கார்பனுக்கு ஐந்து கை போட்டிருக்கிறார்கள். பத்தாம் வகுப்புத் தேர்வில் அப்படி வரைந்தவனுக்கு நான் பூஜ்யம் போட்டிருக்கிறேன்.

விரிந்த உருண்டைகளையும் கையேட்டையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். முதலில் பெட்டியைப் பிரித்துவிட்டால் மாற்றித் தர முடியாது என்றார்கள். பிரிக்காமல் உள்ளே விரிந்திருப்பதை எப்படிப் பார்ப்பது என்று கேட்டதற்குப் பதில் இல்லை. கடைக்காரரின் அப்பா உள்ளேயிருந்து வந்து கையேட்டைக் கண்ணாடி போட்டுப் பார்த்து, “ஆமாங்க சார், அஞ்சு இருக்கு” என்று சிரித்துவிட்டு, வெள்ளை உருண்டை ஐந்து கொடுத்தார். கறுப்பு உருண்டை தனியாகக் கிடைக்குமா என்றதற்கு, ஆறு கொண்ட பொட்டலம் 90 ரூபாய், சொல்லி வைத்தால் பத்து நாளில் வரும் என்றார்.

மேல்நிலை, மருந்தியல், செவிலியர் மாணவர்களுக்கு இதை வாங்கித் தரலாம். பள்ளிகள் இரண்டு பெட்டியாக வாங்க வேண்டும். பரிசாகக் கொடுப்பவர்கள் கையேட்டின் ஒன்பதாம் பக்கத்தைப் பேனாவால் திருத்திவிட்டுக் கொடுக்கவும். நீளக் குச்சி மட்டும் தனியாக விற்பதில்லையாம், அதற்கு இன்னும் வயர்தான். கறுப்புப் பொட்டலம் சென்ற வாரம் வந்து சேர்ந்தது. ஆனால் களிமண் வாலைக் கழற்றக் கூடாது என்று மைத்துனர் மகள் சொல்லிவிட்டதால், புதிய உருண்டைகள் பொட்டலம் பிரிக்காமல் அலமாரியில் இருக்கின்றன.